நாலு முறை படித்தும் நிற்கவில்லை, தப்பு எங்கே?

வெயிலூர்க்காரன் | ஞாயிறு இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் படிக்கிறேன். இது மூன்றாவது முறை. வீடு வேலூரில், கோட்டைக்கு நடந்தால் பத்து நிமிடம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் புத்தகங்களை நாலு தடவை முடித்துவிட்டேன். ஹைலைட்டர் இரண்டு தீர்ந்துபோனது. பக்கத்தைத் திறந்தாலே அடுத்த பத்தி என்ன, படம் எந்த மூலையில் என்பதுவரை தெரியும்.

போன வாரம் நான் போகிற பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. அதில் ஒரு கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சியின்போது சென்னை மாகாண ஆளுநர் யார்? வில்லியம் பெண்டிங், ஜான் கிரடாக், கில்லஸ்பி, ஃபேன்கோர்ட் என்று நாலு பெயர். நாலு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும், நாலு பேரும் ஒரே பாடத்தில் வருகிறவர்கள். கிரடாக்குக்கு வட்டம் போட்டேன். விடை பெண்டிங். தினமும் அந்த அகழியை ஒட்டிப் போகிற ஆள் நான்!

200க்கு 131 சரி. 160 வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மையத்தில் கேட்டால் "இன்னும் நாலு ரிவிஷன் போடு" என்கிறார்கள். அம்மா வல்லாரைக் கீரையை வாங்கித் துவையல் அரைத்துவிட்டாள். எனக்கு ஞாபக சக்தியே கம்மியா?

மருந்துக்கடை | ஞாயிறு இரவு 10:20

துவையலை விட்டுவிடாதே தம்பி, சுடுசோற்றுக்கு அருமையாக இருக்கும். மற்றதற்கு விவரம் தெரிந்தவர்கள் வரட்டும்.

காட்பாடி ஜங்ஷன் | திங்கள் காலை 7:15

ரயிலில் உட்கார்ந்து தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உளவியல் படித்தவள். ஞாபகம் பற்றித்தான் ஆய்வும் செய்கிறேன்.

தம்பி, 131 எனக்குப் பெரிதாகப் படவில்லை. 160 வரும் என்று நம்பிப் போனீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. மறந்துபோவது எல்லோருக்கும் உண்டு. எது மறந்திருக்கிறது என்பதே தெரியாமல் இருந்தால் எதைத் திரும்பப் படிப்பது? தனக்கு எவ்வளவு தெரியும் என்று தானே கணிக்கிற இந்தத் திறனுக்கு ஜான் ஃபிளேவல் 1970களில் மெட்டாகாக்னிஷன் என்று பெயர் வைத்தார். தமிழில் மீயறிதல் என்கிறார்கள்.

ஒரு சின்ன சோதனை. பர்ஸைத் தொடாமல் பதில் சொல்லுங்கள். புதிய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம்? அதே பக்கத்தில் பல மொழிகளில் தொகை எழுதிய பட்டி இருக்கிறதே, அதில் தமிழ் மேலிருந்து எத்தனையாவது வரி? அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் 1979லேயே அவர்கள் ஊர் ஒரு சென்ட் காசை வைத்து இப்படிக் கேட்டார்கள். தினமும் கையில் புழங்கிய காசைச் சரியாக வரைய முடியாமல் திணறினார்கள் மக்கள்.

நாலாவது முறை படிக்கும்போதும் இதே கதைதான். கண் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலை மனசு "தெரியும்" என்று கணக்கில் வரவு வைத்துவிடும்.

2006ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் (செயின்ட் லூயிஸ் நகரில் இருப்பது) ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் ஒரு சோதனை செய்தார்கள். கடல் நீர்நாய், சூரியன் என்று சின்னச் சின்னப் பாடங்கள். ஒரு குழுவுக்கு நாலு தவணை, நாலிலும் படிக்க மட்டும் வேண்டும். இன்னொரு குழு முதல் தவணையில் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் பாடத்தைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுத வேண்டும். முதல் குழு சராசரியாக 14 முறை படித்திருந்தது. மற்றது மூன்றரை முறைகூட இல்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னே: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு சொன்னது 14 முறை படித்த குழுதான்.

இன்று ராத்திரி வேலூர்ப் புரட்சிப் பாடத்தை ஒரே ஒரு முறை படியுங்கள். மூடி வையுங்கள். வெள்ளைத் தாளில் வந்ததை எழுதுங்கள். அரக்கோணம் வந்துவிட்டது, அப்புறம் வருகிறேன்.

மருந்துக்கடை | திங்கள் காலை 9:05

கல்லாவில் நாளெல்லாம் நோட்டு எண்ணுகிறவன் நான். பின்பக்கம் தாஜ்மகாலா? மொழி அஞ்சாவது வரியா?

காட்பாடி ஜங்ஷன் | திங்கள் காலை 9:40

எல்லோரா குகை அண்ணா. தமிழ் 13வது வரி, மொத்தம் 15.

வெயிலூர்க்காரன் | திங்கள் இரவு 11:30

அக்கா, செய்தேன். கேவலமாக இருந்தது.

1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை, தோல் குஞ்சம், சிப்பாய்கள் கோபம். திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார். இதோடு பேனா நின்றுவிட்டது. தலைப்பாகை ஆணை போட்டது யார்? ஆளுநரா, தளபதியா? ஃபேன்கோர்ட் யார், செத்தாரா, தப்பித்தாரா? இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் ஏழு வரி. நாலு முறை படித்ததற்கு ஏழு வரி.

புத்தகத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் கிரடாக்குக்கு ஏன் வட்டம் போட்டேன் என்பது புரிந்தது. ஆணை போட்ட படைத்தலைவர் கிரடாக். அதற்கு ஒப்புதல் கொடுத்த ஆளுநர் பெண்டிங். பாடம் முழுக்கக் கிரடாக் பெயர் ஆணையோடு ஒட்டி வருவதால் "பெரிய ஆள்" என்று அவரை மனசில் உட்கார வைத்திருக்கிறேன். படிக்கும்போது இந்தக் குழப்பம் இருப்பதே தெரியவில்லை.

கணக்கு டியூஷன் | செவ்வாய் காலை 6:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ராணிப்பேட்டையில் பதினாலு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். நீர்நாய் எல்லாம் சரி. அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளை அறையில் உட்கார வைத்து ஒரு பக்கப் பாடத்தில் பார்த்ததை, புத்தகம் புத்தகமாக முடிக்க வேண்டிய பையனிடம் சொல்வது நியாயமா? ஒவ்வொரு பாடத்தையும் மூடி மூடி எழுதினால் எப்போது சிலபஸ் முடியும்? அதோடு குரூப் 4ல் எழுத வேண்டியதே இல்லை. வட்டம்தான். பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதாதா?

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய் காலை 8:10

கடைசிக் கேள்விக்குத் தம்பியே பதில் சொல்லிவிட்டார் சார். நாலு பெயரும் அடையாளம் தெரிந்தது, விடைதான் தெரியவில்லை. கேள்வி தயாரிக்கிறவர் அதே பாடத்திலிருந்துதான் மற்ற மூன்றையும் பொறுக்கி வைக்கிறார். அடையாளம் தெரிவது அங்கே கால்வாரிவிடும்.

வகுப்பறையில் செய்ததும் உண்டு. 1939லேயே அயோவா மாநிலத்தில் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். படித்த கையோடு தேர்வு எழுதிய பிள்ளைகளுக்குப் பின்னால் கேட்டபோது அதிகம் நினைவிருந்தது. இந்த நூற்றாண்டில் இல்லினாய் மாநிலத்தில் கொலம்பியா என்ற சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில், பூஜா அகர்வாலும் கூட்டாளிகளும் சமூக அறிவியல் வகுப்பிலேயே மதிப்பெண் போடாத சின்ன வினாடி வினாக்கள் நடத்தினார்கள். வினாவில் வந்த பகுதியில் பிள்ளைகள் பின்னால் நடந்த தேர்விலும் நன்றாகச் செய்தார்கள்.

நேரம் என்கிறீர்கள். 14 முறை படிப்பதற்கும் மூன்று முறை படித்து மூன்று முறை எழுதுவதற்கும் அந்தச் சோதனையில் கொடுத்தது அதே நாலு தவணைதான்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? தனிவட்டி நடத்தினால் தனிவட்டியில் இருபது கணக்கு, அடுத்த வாரம் விகிதத்தில் இருபது, அப்படித்தானே கொடுப்பீர்கள்?

கணக்கு டியூஷன் | செவ்வாய் காலை 8:25

ஆமாம். எல்லோரும் அப்படித்தான்.

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய் மாலை 6:50

2007ல் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் நாலு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவுக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு வகைவகையாகப் பிரித்துக் கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்குக் கலந்து. பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63.

இருபதும் தனிவட்டி என்றால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையே பையனுக்கு இல்லை. தேர்வில் பாதிப் பாடு அதுதான்.

கணக்கு டியூஷன் | செவ்வாய் இரவு 10:15

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். காலாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் பிள்ளைகள் "சார், இது எந்த ஃபார்முலா?" என்று கேட்பார்கள். அதே பிள்ளைகள் ஒர்க்‌ஷீட்டில் இருபதுக்கு இருபது போட்டவர்கள். "நேற்றுதானே நடத்தினேன்" என்று திட்டியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கலந்து கொடுத்தால் வாரத் தேர்வில் மார்க் குறையும். குறைந்த மார்க்கைப் பார்த்ததும் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். ஒரு மாதம் கழித்து நன்றாக வரும் என்று அவர்களிடம் யார் சொல்வது? பக்கத்துத் தெருவிலும் டியூஷன் இருக்கிறது மேடம்.

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய் இரவு 10:40

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை சார். ராபர்ட் பியார்க் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட சிரமங்களை "விரும்பத்தக்க சிரமங்கள்" என்றார். பெயரை வைத்தவருக்கு டியூஷன் வாசலில் நின்று பழக்கம் இருந்திருக்காது.

வாலாஜா வாத்தியார் | புதன் காலை 5:45

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அதிகாலையில் எழுந்தே பழக்கம்.

நாற்பது வருடமாக ஒரே பாட்டைக் கேட்டுச் சலித்துவிட்டேன்: மனப்பாடம் தப்பு, மனப்பாடம் தப்பு. இப்போது அமெரிக்காக்காரன் பார்க்காமல் எழுதச் சொன்னால் அது அறிவியல். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைப் பிள்ளைகள் சுவடி பார்க்காமல்தான் சொன்னார்கள், சட்டாம்பிள்ளை கேட்பான். நன்னூலில் பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது கேட்டதைத் திரும்ப நினைப்பது, வினவுவது, பிறர் வினவியதற்கு விடை சொல்வது என்று அடுக்குகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு. திரும்பத் திரும்பப் படி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை அம்மா அவர்.

காட்பாடி ஜங்ஷன் | புதன் காலை 7:20

ஐயா, ஒப்பிப்பது என்பது மனசிலிருந்து எடுப்பதுதான், மறுக்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம். வாய்ப்பாட்டை வரிசையாகச் சொல்கிற பிள்ளையிடம் நடுவிலிருந்து ஏழெட்டு எத்தனை என்றால் ஓரேழு ஏழிலிருந்து ஓடி வருகிறதே?

வாலாஜா வாத்தியார் | புதன் காலை 7:50

சங்கிலியை ஒரே முனையிலிருந்து இழுக்கப் பழகினால் அப்படித்தான். திருக்குறள் முற்றோதலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். 1,330ஐயும் வரிசையாகச் சொன்னால் மட்டும் போதாது. எண்ணைச் சொன்னால் குறள் வர வேண்டும், ஈற்றுச்சொல்லைக் கொடுத்தால் குறள் வர வேண்டும், அதிகாரத்தைச் சொன்னால் பத்தும் வர வேண்டும். ஒரு பெண், ஏழாம் வகுப்பு. முதல் மாதம் வரிசையாக முந்நூறு குறளைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்வாள். "குறள் 118?" என்றால் முகம் வெளுத்துவிடும். அதனால் சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்க வைத்தேன். முதல் வாரம் அழுதாள். எனக்கு ஆய்வெல்லாம் தெரியாது, டப்பா தெரியும்.

காட்பாடி ஜங்ஷன் | புதன் காலை 7:55

ஐயா, அந்த டப்பாவுக்குள் நான் மேலே சொன்ன இரண்டும் இருக்கிறது: பார்க்காமல் எடுப்பது, கலந்து எடுப்பது.

நைட் டியூட்டி | புதன் காலை 8:30

இப்போதுதான் டியூட்டி முடிந்தது. நான் நர்ஸ். இன்சுலின் ஊசி எப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே புரிந்ததாகத்தான் நினைக்கிறார்கள். அதனால் அப்படிக் கேட்பதையே விட்டுவிட்டோம். "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, இப்போ எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்போம். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பாட்டி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, ஊசி மூடியைக் கழற்றாமலே வயிற்றில் வைத்து அழுத்தினார். அதுவரை தலையாட்டிக்கொண்டே இருந்தவர் அவர்.

மருந்துக்கடை | புதன் மதியம் 2:10

நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில் இருக்கும், வைத்தியத்துக்கு அவ்வளவு பேர் அங்கிருந்து வருகிறார்கள். கடை வைத்த புதிதில் வங்காளம் கற்றுக்கொள்ளும் புத்தகம் ஒன்று வாங்கி மூன்று முறை படித்தேன். ஆள் எதிரில் வந்து நின்றால் வாயே திறக்காது. அப்புறம் ஒரு பெரியவர், "காலி பேட்டே?" என்று மாத்திரையைக் காட்டிக் கேட்டார். வெறும் வயிற்றிலா என்கிறார். சாப்பிட்ட பிறகு என்பதற்குப் புத்தகத்தில் பார்த்த வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. கையால் சோறு அள்ளிச் சாப்பிடுவதுபோல் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே "காவார் போரே" என்றார். அது இன்றுவரை போகவில்லை. புத்தகத்தில் படித்த முந்நூறு வார்த்தை எங்கே போனதென்றே தெரியாது.

காட்பாடி ஜங்ஷன் | புதன் மாலை 6:40

அண்ணா, எடுக்கப் பார்த்து, வராமல் முழித்து, உடனே விடை கிடைத்தால் அது நன்றாக ஒட்டும். நேட் கோர்னெலும் பியார்க்கும் கூட்டாளிகளும் 2009ல் இதையே சோதித்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே 2001ல் பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் இருவரும் இன்னொரு வேடிக்கையைக் கண்டார்கள். அடித்துச் சொல்லித் தப்பாகப் போனால், திருத்திய பிறகு அந்த விடைதான் அதிகம் நிற்கிறது. வெயிலூர் தம்பி இனி பெண்டிங்கை மறக்கமாட்டார் பாருங்கள்.

ஆனால் "உடனே விடை" என்பதை விட்டுவிடக் கூடாது. டெலிகிராமில் சுற்றுகிற மாதிரித் தாள்களை விடை பார்க்காமல் வரிசையாகப் போட்டுத் தள்ளுவது ஆபத்து. ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005ல் பார்த்தது இது: விடைத் தெரிவுகளில் இருக்கிற தப்பான பெயர்களும் மனசில் ஒட்டிக்கொள்கின்றன, பின்னால் சரியான விடையாக வெளியே வருகின்றன. விடைக்குறிப்பே தப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெயிலூர்க்காரன் | புதன் இரவு 9:00

அக்கா, எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப எழுத வேண்டும்? தினமுமா? நண்பன் ஒருவன் நான் விஷுவல் டைப், வீடியோ பார்த்தால்தான் ஏறும் என்கிறான், அது நிஜமா?

காட்பாடி ஜங்ஷன் | புதன் இரவு 9:35

இரண்டாவதற்கு ஒரு வரி: ஆளுக்கொரு கற்றல் பாணி, அதற்கேற்பச் சொல்லிக் கொடுத்தால் அதிகம் ஏறும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று 2008லேயே ஹெரால்ட் பாஷ்லர் குழு அலசிச் சொல்லிவிட்டது.

முதலாவது: தினமும் வேண்டாம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, தானே மறந்து, 1885ல் கணக்கை வெளியிட்டார். ஒரு நாள் கழித்துத் திரும்பக் கற்றபோது முதல் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. மறதி முதல் நாளில் வேகம், அப்புறம் மெதுவாகிவிடும். கொஞ்சம் மறக்க விட்டு எடுத்தால்தான் எடுப்பதில் வேலை இருக்கும். 2008ல் நிக்கலஸ் செபேடா குழு 1,350 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. 35 நாளில் என்றால் 11 நாள், 70 நாளில் என்றால் 21 நாள். தேர்வு தள்ளி இருந்தால் இடைவெளியும் தள்ளிப் போகும். அவர்கள் கேட்டதெல்லாம் துணுக்குத் தகவல்கள். குரூப் 4ம் ஏறக்குறைய அந்த ஜாதிதான்.

இன்னொன்று. இந்தப் பாடம் எனக்கு எவ்வளவு தெரியும் என்று படித்து முடித்த கையோடு கணிக்காதீர்கள், மறுநாள் கணியுங்கள். நெல்சன், டன்லாஸ்கி இருவரும் 1991ல் காட்டியபடி, கொஞ்சம் தள்ளிக் கணித்தால் கணிப்பு நிஜத்துக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது.

வெயிலூர்க்காரன் | ஐந்து வாரம் கழித்து, சனி இரவு 8:45

இழையைத் தூசி தட்டி எடுக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் பத்து நாள் நரகம். நூலகத்தில் பக்கத்தில் இருக்கிறவன் நாற்பது பக்கம் புரட்டியிருப்பான், நான் எட்டுப் பக்கத்தோடு வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் பயந்து பழைய முறைக்கே போய்விட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் மனசுக்கு சுகமாக இருந்தது.

வாத்தியார் ஐயாவின் டப்பாவை இரவல் வாங்கிக்கொண்டேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் சீட்டு. ராத்திரி அம்மா குலுக்கி எடுத்துக் கேட்பாள். அவளுக்கு எட்டாம் வகுப்புவரைதான் படிப்பு, ஆனால் நான் மழுப்பினால் கண்டுபிடித்துவிடுகிறாள்.

நேற்று மாதிரித் தேர்வு. உள்ளே போகும் முன் தாளின் ஓரத்தில் 140 என்று எழுதிவிட்டுப் போனேன். வந்தது 144. பொது அறிவு ஏறியிருக்கிறது, தமிழில் அதே இடம்தான், இலக்கணத்தை இன்னும் சீட்டில் போடவில்லை. கணக்கில் இரண்டு குறைந்துவிட்டது, அது ஏன் என்று தெரியவில்லை. மையத்தில் "எட்டு ரிவிஷன் போட்டியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், எதற்கு வம்பு.

கணக்கு டியூஷன் | சனி இரவு 9:10

கணக்குத் தாளை எனக்கு அனுப்பு, பார்க்கலாம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் சனிக்கிழமை ஒர்க்‌ஷீட்டைக் கலந்து கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை ஒரு அம்மா மட்டும் சண்டைக்கு வந்தார்.

மருந்துக்கடை | சனி இரவு 9:20

அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. நோட்டைப் பார்க்காமல் சொல்லு, தமிழ் எத்தனையாவது வரி?

வெயிலூர்க்காரன் | சனி இரவு 9:22

13. பின்பக்கம் எல்லோரா. உங்களுக்கு?

மருந்துக்கடை | சனி இரவு 9:24

எல்லோரா ஞாபகம் இருக்கிறது. வரி மட்டும் இன்னும் அஞ்சு என்றுதான் வாயில் வருகிறது. தினமும் எண்ணுகிறேன், ஒரு நாளும் பார்க்கவில்லை.